டோல்கேட்டில் பின்னால் இடித்த வேன்: மகளின் கழுத்தும் அப்பாவின் செருப்பும்

நான் இயன்முறை மருத்துவர், தாம்பரம் பக்கம் ஒரு சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். கார் விபத்துக்குப் பிறகு கழுத்துவலி, தலைவலி, தலைசுற்றல் என்று வருகிறவர்கள் என்னிடம் நிறைய. கீழே எழுதியிருப்பது ஒரே காரில் போன மகளுக்கும் அப்பாவுக்கும் நடந்தது. இரண்டு பேரிடமும் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமலிருக்க வயது போன்ற சிலவற்றை லேசாக மாற்றியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டில் 60 வயதைத் தாண்டியவர் யாராவது காரில் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறார் என்றால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

விபத்து

திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துக்கொண்டு இரவு சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவர் ஓட்டுகிறார், பக்கத்தில் மகள் (36 வயது, அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற வேலை, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்), பின் சீட்டில் அப்பா (68, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்). முன்னால் இருந்த இரண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள், அப்பா போடவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் டோல்கேட் வரிசையில் கார் நின்றுவிட்டது. அப்பா தண்ணீர் கேட்க, மகள் பாட்டிலை எடுத்துக்கொண்டு வலது பக்கமாகப் பின்னால் திரும்பினார், அப்பா அதை வாங்க முன்னால் சாய்ந்தார், அந்த நொடியில் பின்னால் வந்த மினி வேன் பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து இடித்தது.

பெரிய வேகம் ஒன்றும் இல்லை. டிக்கி நசுங்கி மூட முடியாமல் போனது, பம்பர் தொங்கியது, ஏர்பேக் விரியவில்லை. ஏர்பேக்கே விரியவில்லை, அப்படியானால் லேசான இடிதான் என்று அன்று ராத்திரி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரிப்படாது. முன் ஏர்பேக் முன்னாலிருந்து வரும் மோதலுக்கானது, பின்னால் இடிக்கும்போது அது பொதுவாக விரியாது.

பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். மகளுக்குக் கழுத்து லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது, பார்த்துவிட்டு ஒரு எக்ஸ்ரே எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ போய்ப் பாரு." அதனால் அவரை யாரும் பார்க்கவில்லை, விபத்துப் பதிவேட்டில் அவர் பெயரும் ஏறவில்லை. அவருக்குப் போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்று இரண்டு மாத்திரைகள் தினமும் சாப்பிடுகிறார் என்பது அந்த இடத்தில் பேச்சிலேயே வரவில்லை.

மகள்

மறுநாள் காலையில் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கையால் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். விபத்துக் கழுத்துவலியில் இது அடிக்கடி நடப்பது, அன்று இரவு ஏதோ பிடிப்பு என்று தோன்றுவது ஒரு ராத்திரி தூங்கி எழுந்ததும் முழு வடிவத்தில் வரும். வலி தாமதமாக ஆரம்பித்தது என்பது கேட்கப் பயமாக இருந்தாலும் ஒரு வகையில் நல்ல குறி. கழுத்து எலும்பு உடைந்திருக்குமா, படம் எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க கனடாவில் 2001-ல் வெளியிட்ட ஒரு விதிமுறையை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். தாமதமாகத் தொடங்கிய வலி, சாதாரணமாகப் பின்னாலிருந்து இடித்தது, விபத்துக்குப் பின் எழுந்து நடந்தது, கழுத்தின் பின்னால் நடுக்கோட்டு எலும்பில் அழுத்தினால் வலி இல்லாதது, இவையெல்லாம் அதில் ஆபத்து குறைவு என்ற பக்கத்தில் இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து, இரண்டு பக்கமும் 45 பாகை தலையைத் திருப்பவும் முடிந்தால் படம் தேவையில்லை. ஆனால் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குக் கழுத்து வலித்தால், அல்லது கை காலில் மதமதப்பு இருந்தால், நேராகப் படம்தான்.

என்னிடம் அவர் வந்தபோது கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகியிருந்தது. கழுத்தில் பட்டை, அதைத் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. கையில் எக்ஸ்ரே. கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி, அந்த ஒரு வரியால் பாவம் இரண்டு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. எலும்பு நேரானால் நரம்பு நசுங்கும், பிறகு கை விழுந்துவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் வேறு சொல்லியிருக்கிறார். உண்மையில் அந்த வளைவு தசை இறுகினாலும் நேராகும், படம் எடுக்கும்போது மோவாயைக் கொஞ்சம் கீழே இறக்கினாலும் நேராகும், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அப்படி இருக்கும். இதைப் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதும், சிகிச்சை எதுவும் ஆரம்பிக்கும் முன்பே அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது.

தொந்தரவுகளைக் கேட்டு எழுதினேன். பிடரியில் வலது பக்கம் வலி. அங்கிருந்து ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கிற தலைவலி. மெல்லும்போது தாடையில் வலி. கணக்கு பார்த்தால் பத்து நிமிடத்தில் கண் கூசுகிறது, எண்கள் மனதில் நிற்கவில்லை. பின்னால் யாராவது பிரேக் போடும் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது. அப்புறம் தலைசுற்றல். இந்தத் தலைசுற்றலைப் பிரித்துக் கேட்டபோது இரண்டு வேறு வேறு விஷயங்கள் வெளியே வந்தன: நடக்கும்போது தலையைத் திருப்பினால் தரை லேசாக ஆடுவது ஒன்று, படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறையே சில விநாடி சுழல்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே வார்த்தையில் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டதால் முதலில் கொடுத்த மாத்திரை ஒன்றே ஒன்று, அதுவும் கேட்கவில்லை.

கையால் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் நான் சரிபார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விபத்துக் கழுத்தில் அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது. இரண்டு கைகளின் பலம், உணர்ச்சி, தசைநாண் அனிச்சை, நடை, கண் அசைவு, முகம், பேச்சு, விழுங்குவது எல்லாம் சரியாக இருந்தன. இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, ஒரு கண் இமை தொங்குவது, இதுவரை இப்படி ஒரு வலி வந்ததே இல்லை என்று சொல்லும்படி ஒரு பக்கக் கழுத்தில் கிழிப்பது போன்ற வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறதா என்று மருத்துவமனையில் பார்த்தாக வேண்டும், அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இந்தப் பயத்தால்தான் கழுத்தில் நெட்டி முறிப்பதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறேன். அவருடைய அம்மா ஊரில் சுளுக்கு எடுப்பவர் ஒருவரிடம் கூட்டிப்போக நினைத்திருந்தார். எண்ணெய் தடவி மெதுவாக நீவுவதில் பிரச்சினை இல்லை, ஒத்தடமும் கொடுக்கலாம். தலையைப் பிடித்துச் சட்டென்று திருகுவது, அது சுளுக்கு எடுப்பவராக இருந்தாலும் சலூனாக இருந்தாலும், விபத்து நடந்த கழுத்தில் வேண்டவே வேண்டாம்.

கழுத்து வலது பக்கம் 35 பாகை திரும்பியது, இடது பக்கம் 55. தலையை நன்றாக முன்னால் மடக்கி, அப்படியே வலது பக்கம் திருப்பினால் 20 பாகையில் நின்றுவிட்டது, வழக்கமாக அது 40-ஐத் தாண்ட வேண்டும். மேல் கழுத்தில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே வலது பக்கம் விரலால் அழுத்தியதும், "இதேதான் சார், கண்ணுக்குப் பின்னாடி வர்றது இதேதான்" என்றார். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன, அதனால் கழுத்து மூட்டின் வலியை மூளை கண்ணில் காட்டும். இப்படிப்பட்டவர்கள் கண் டாக்டரிடமும் சைனஸுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அலைந்துவிட்டு வருவார்கள். இவருக்கு அந்த அலைச்சல் இல்லாமல் போனது.

ஏன் கழுத்து இப்படி அடிபடுகிறது? வண்டி பின்னால் இடிபட்டதும் சீட் முதுகை முன்னால் தள்ளுகிறது, தலை இருந்த இடத்திலேயே நிற்கிறது. சுமார் 100 மில்லி விநாடிக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னால் வளைந்து மேல்பகுதி முன்னால் மடங்கி எஸ் வடிவம் எடுக்கிறது, தசைகள் சுதாரித்து இறுகுவதற்குள் அது முடிந்தே விடுகிறது. அந்த நேரத்தில் முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் ஒன்றோடொன்று நசுங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் நிக்கோலாய் போக்டக்கின் குழு 1990-களில் நாள்பட்ட விப்லாஷ் வலி (இப்படி இடிபட்டுக் கழுத்து வீசப்பட்டதால் வரும் வலி) உள்ளவர்களுக்கு இந்தச் சிறு மூட்டுகளின் நரம்பை ஊசியால் மரக்கச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு வலி அங்கிருந்துதான் வருகிறது என்று கண்டது. எக்ஸ்ரேயில் இது எதுவுமே தெரியாது. தலை திரும்பியிருந்தால் அந்த மூட்டுகள் ஏற்கெனவே இழுபட்டிருக்கும், அப்போது இடித்தால் சேதம் இன்னும் கூடும், பாட்டிலைக் கொடுக்கத் திரும்பியவருக்கு நடந்தது அதுதான்.

படுக்கையில் புரளும்போது வரும் சுழற்சியைச் சோதிக்க, கழுத்தைத் தொங்கவிடாமல் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தேன். வலது பக்கம் படுத்த சில விநாடிகளில் கண்மணி சுழன்று மேல்நோக்கித் துடித்து, அரை நிமிடத்துக்குள் அடங்கியது. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் அதிர்ச்சியில் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படி நடக்கும். இதற்கு மாத்திரையைவிட, தலையை வரிசையாகச் சில நிலைகளில் வைத்துப் படிகத்தைத் திரும்ப வெளியே கொண்டுவருகிற எப்லி முறைதான் வேலை செய்யும். கழுத்தைத் தாங்கிப் பிடிக்க உதவியாளரையும் வைத்துக்கொண்டு செய்தோம். அந்தச் சுழற்சி அத்தோடு போய்விட்டது, மறுபடி வரவில்லை.

தரை ஆடுகிற மாதிரி இருந்தது வேறு. கழுத்துத் தசைகளும் மூட்டுகளும் தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், அடிபட்ட கழுத்து தப்பான செய்தி அனுப்பும். நெற்றிப் பட்டையில் சின்ன லேசர் விளக்கை மாட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி நடுவுக்குக் கொண்டுவரச் சொல்வோம். சிவப்புப் புள்ளி ஆரம்பித்த இடத்திலிருந்து 7 சென்டிமீட்டருக்குள் வந்து நின்றால் சரி. இவருடையது 13-ல் நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தவர் நம்பவில்லை, "நான் நேராத்தானே இருக்கேன்" என்றார்.

1995-ல் கியூபெக்கில் ஒரு குழு இந்தக் காயங்களை 0 முதல் 4 வரை தரம் பிரித்தது, இவர் 2-வது தரம்: வலி உண்டு, அசைவு குறைந்திருக்கிறது, நரம்புக் குறிகள் இல்லை. கழுத்து எவ்வளவு வேலையைக் கெடுக்கிறது என்று அளக்கும் 50 மதிப்பெண் கேள்வித்தாளில் 27 வாங்கினார்.

சிகிச்சையில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. கழுத்துப் பட்டையை ஒரு வாரத்தில் படிப்படியாகக் கழற்றினோம். எலும்பு முறிவோ நரம்புப் பாதிப்போ இல்லாத கழுத்துக்குப் பட்டையும் ஓய்வும் போட்டுவைப்பதைவிட வலி பொறுக்கும் அளவுக்குள் மெதுவாக அசைப்பதுதான் நல்லது என்று 1990-களிலிருந்தே ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றன, இருந்தும் நம் ஊரில் விபத்துக் கழுத்து என்றாலே பட்டை மாட்டி அனுப்புகிற பழக்கம் போகவில்லை, அது எனக்கு மிகவும் வருத்தம். மேல் கழுத்து மூட்டுகளை மெதுவாகத் தளர்த்தியது, கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளுக்குப் பயிற்சி (கழுத்துக்கு அடியில் 20 அளவுக்குக் காற்றடைத்த பையை வைத்து, ஆமாம் என்று சொல்வது போல மெல்லத் தலையாட்டி 22, 24 என்று 30 வரை ஏற்றுவது, அவரால் முதலில் 22-க்கு மேல் போக முடியவில்லை), லேசர் புள்ளியால் சுவரில் கோடு வரைவது, தினமும் நடப்பது, இவ்வளவுதான். தாடைக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை, கழுத்து தளர்ந்ததும் அதுவும் போய்விட்டது. பிரேக் சத்தப் பயத்துக்கு ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னேன். முதலில் தயங்கினார், அப்புறம் போனார். விபத்துக்குப் பிறகான மன அதிர்ச்சி நீடிக்கிறவர்களுக்குக் கழுத்துவலியும் நீடிக்கிறது, அதனால் அதை ஓரமாக ஒதுக்கிவைக்க முடியாது.

நடுவில் ஒரு விஷயம். இந்த வலியெல்லாம் நஷ்டஈட்டுக்காகச் சொல்வது என்று ஒரு பேச்சு உண்டு, இவருடைய அலுவலகத்திலேயே ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்கிறவர்கள் காட்டுவது லித்துவேனியா ஆய்வு. 1996-ல் வெளியானது, வழக்கு போட்டுப் பணம் வாங்கும் பழக்கமே அதிகம் இல்லாத அந்த நாட்டில் பின்னால் இடிபட்ட 202 பேரை எடுத்துப் பார்த்ததில், விபத்து நடக்காதவர்களைவிட அவர்களுக்கு நாள்பட்ட கழுத்துவலி அதிகமாக இல்லை. ஆனால் அந்த 202 பேரையும் விபத்துப் பதிவிலிருந்து எடுத்தார்கள், அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்திலேயே வலி வரவில்லை. வலியோடு வருகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் ஏதாவது தொந்தரவு இருக்கிறது என்றுதான் மற்ற ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். நான் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: இது வாழ்நாள் முழுக்க விடாது என்று பயமுறுத்தாத இடத்தில் மக்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். வலியோடு வருகிறவரை நடிக்கிறார் என்று நினைப்பது கொடுமை, அதே நேரத்தில் எக்ஸ்ரேயைக் காட்டிப் பயமுறுத்துவதும் அவருக்குச் செய்கிற கெடுதல்தான்.

அப்பா

ஒவ்வொரு முறையும் மகளைக் கூட்டிவருவது அப்பாதான். ஆரம்பத்தில் கலகலப்பாக இருந்தார், காத்திருக்கும் இடத்தில் தமிழ்ப் பேப்பரை எடுத்துத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பார், என் உதவியாளரின் பையன் என்ன படிக்கிறான் என்று விசாரிப்பார். எங்கள் கிளினிக்கில் விபத்து என்று வருகிறவர்களின் தாளில், உடன் பயணித்தவர்கள் யார், அவர்களின் வயது, சாப்பிடுகிற மாத்திரைகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் அப்பாவின் 68 வயதும் ஸ்டென்ட்டும் இரண்டு மாத்திரைகளும் முதல் நாளே எழுதியிருந்தது. தலையில் அடிபட்டதா என்று கேட்டதற்கு, "முன் சீட்டு மேல லேசா முட்டிச்சு, வீங்கக்கூட இல்ல" என்றார். தலைவலி, வாந்தி, மறதி, நடை மாற்றம் எது வந்தாலும் உடனே காட்டச் சொல்லி மகளிடம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

விபத்து நடந்து நான்காவது வாரம். அன்று அவர் பேப்பரை மடியில் வைத்திருந்தார், திறக்கவில்லை. மகளிடம் கேட்டேன். "இரண்டு மூணு நாளா தூங்கிட்டே இருக்கார் சார். வயசாயிடுச்சு இல்ல, எனக்காக அலையறார் வேற." காலையில் தலை பாரம் என்று சொன்னதற்குப் பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்திருந்தது அவர்கள் கண்ணில் மகளுக்கான எச்சரிக்கையாகவே இருந்திருக்கிறது. கிளம்பும்போது அவர் வாசல்படியில் இறங்கினார், இடது காலின் ரப்பர் செருப்பு படியிலேயே நின்றுவிட்டது, அவர் வெறுங்காலோடு நான்கைந்து அடி நடந்து போனார். செருப்பு கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை.

கூப்பிட்டு உட்காரவைத்தேன். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னேன். பத்து விநாடிக்குள் இடது கை மெதுவாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது, அவர் இரண்டையும் சமமாகப் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னால் இடது கை பின்தங்கியது. முகம் சரியாக இருந்தது. இன்று என்ன கிழமை என்று கேட்டால் சரியாகச் சொன்னார், ஆனால் சொல்வதற்குள் ஒரு பெரிய இடைவெளி. கணக்கு வாத்தியாராக இருந்தவர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 86-க்கு மேல் போகவில்லை.

நேரம் கடத்தாமல் நரம்பியல் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினேன். விபத்துத் தேதி, மாத்திரைகளின் பெயர், ஸ்டென்ட் வைத்த மாதம், இடது பக்கத் தளர்ச்சி, மூளைக்கு வெளியே ரத்தக் கசிவு என்று சந்தேகம் என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தேன், மகளின் கணவருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அன்று இரவே சி.டி. ஸ்கேன்: வலது பக்கம் மூளைக்கும் அதன் வெளியுறைக்கும் இடையில் பழைய ரத்தம், 18 மில்லிமீட்டர் தடிமன், மூளையின் நடுக்கோடு 7 மில்லிமீட்டர் இடது பக்கம் தள்ளியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்றால், வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது, மூளையிலிருந்து வெளியுறைக்குப் போகும் சிறு சிரைகள் அந்த இடைவெளியில் நீண்டு இழுபட்டு நிற்கின்றன. தலை வேகமாக முன்னும் பின்னும் போனாலே அவற்றில் ஒன்று கிழியலாம், மண்டையில் பலமாக அடிபட வேண்டும் என்பதே இல்லை. கசிவது சிரை ரத்தம், அழுத்தம் குறைவு, சுருங்கிய மூளை இடமும் கொடுக்கிறது, அதனால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு அந்த ரத்தத்தைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது, அதிலுள்ள புதிய ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை, அவை திரும்பத் திரும்பக் கசிந்து கட்டியைப் பெரிதாக்குகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். இரண்டிலிருந்து ஆறு வாரம் கழித்துத்தான் குறிகள் தெரியும், அதற்குள் வீட்டில் விபத்தையே மறந்திருப்பார்கள், வயதாகிவிட்டது என்பார்கள், மறதி நோய் என்பார்கள், சர்க்கரை என்பார்கள்.

முதல் ராத்திரியே ஸ்கேன் எடுத்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாமே என்று மகள் அழுதார். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: அன்று எடுத்திருந்தால் அநேகமாகச் சுத்தமாகவே இருந்திருக்கும், அல்லது ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிற முதியவருக்குத் தலையில் முட்டியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி ஸ்கேன் வேண்டுமா என்று கேட்க வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் நாள் ஸ்கேன் நான்காவது வாரத்துக்குப் பதில் சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு, புது ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகவும் பழைய ரத்தம் கறுப்பாகவும் தெரியும், நடுவில் ஒன்று முதல் மூன்று வாரம்வரை மூளையின் அதே சாம்பல் நிறத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும் காலம் ஒன்று வரும். ஆகவே குறி வந்தால் பழைய ஸ்கேன் நார்மல் என்று சமாதானம் ஆகாமல் மறுபடி எடுக்க வேண்டும்.

இதய மருத்துவரைக் கலந்து பேசினார்கள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் தாண்டியிருந்ததால் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்த அவர் ஒப்புக்கொண்டார். (இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு.) மண்டையோட்டில் இரண்டு துளை போட்டார்கள், எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பாக வெளியே வந்தது என்று அறுவை மருத்துவர் குடும்பத்திடம் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் வடிகுழாய் வைத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது, வடிகுழாய் வைத்தால் ரத்தம் மறுபடி சேர்வது 24 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைகிறது என்று அது காட்டியது, அதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. மறுநாள் காலை மகள் போய்ப் பார்த்தபோது இடது கையால் காபி டம்ளரைப் பிடித்திருந்தார், பேப்பர் கேட்டிருக்கிறார்.

காகித வேலை

இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் குடும்பம் அதிகம் கஷ்டப்பட்டது இதில்தான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய நல்ல திட்டம். ஆனால் அப்பாவுக்கு வந்ததோ நான்காவது வாரத்தில் வந்த அவசரம், அது அந்தக் கணக்கில் வராது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம், ஆனால் விபத்துப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர், ஒரு மாதம் கழித்து வந்த ரத்தக் கசிவு அந்த விபத்தால்தான் என்று நிரூபிக்க வேண்டும். மனு கொடுக்க விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று 2019 சட்டத் திருத்தம் கெடு வைத்திருக்கிறது, ஆகவே வக்கீலைச் சீக்கிரம் பார்த்துவிடுவது நல்லது. அதனால் விபத்து நடந்த அன்று காரில் இருந்த எல்லோரும், ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர் உட்பட, மருத்துவமனையில் பெயரைப் பதியவைத்து ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது என்றே எனக்கு ஒண்ணும் இல்ல என்பார்கள்.

பின் சீட் பெல்ட்டையும் ஹெட்ரெஸ்ட்டையும் பற்றி இரண்டு வரி. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்தபோது நாடே அதைப் பேசியது, ஆறு மாதத்தில் மறந்தும் விட்டது. ஹெட்ரெஸ்ட்டின் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு இருக்க வேண்டும், குறைந்தது காதின் மேல்பகுதிக்காவது வர வேண்டும், பின்னந்தலைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பலருடைய காரில் அது வாங்கிய நாளிலிருந்து அடிமட்டத்திலேயே கிடக்கிறது, கழுத்துக்குப் பின்னால். அங்கே இருந்தால் தலையைத் தாங்காது.

இப்போது

மகளுக்கு மூன்று மாத முடிவில் வலது பக்கம் 68 பாகை திரும்பியது, லேசர் புள்ளி 5 சென்டிமீட்டருக்குள் வந்து நின்றது, கேள்வித்தாளில் 27 இருந்தது 7 ஆனது. மாலையில் வேலை முடியும்போது பிடரி இன்னும் இறுகுகிறது, ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதத்தில் தலைவலி இரண்டு முறை திரும்பி வந்து, பயிற்சியை மறுபடி ஆரம்பித்ததும் அடங்கியது. கார் ஓட்டுகிறார், டோல்கேட் வரிசையில் மட்டும் கண் ரியர்வியூ கண்ணாடியை விட்டு அகலாது என்கிறார்.

அப்பாவுக்கு ஆறாவது வாரம் எடுத்த ஸ்கேனில் மெல்லிய படலம்தான் மிச்சம் இருந்தது, மூளை நடுவுக்குத் திரும்பிவிட்டது. ஆஸ்பிரினை மட்டும் மறுபடி ஆரம்பித்தார்கள், குளோபிடோக்ரல் இனி வேண்டாம் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து இரண்டு வரை வந்தார், நான் கேட்காமலே. அவருடைய மனுவை வக்கீல் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட்டார், அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் விபத்துத் தேதியும் ரத்தத்தின் வயதும் எழுதியிருப்பதை அதோடு இணைத்திருக்கிறார், வழக்கு இன்னும் நடக்கிறது.